வேலுசாமி தோளில் ஒரு கை

"அந்தக் கையை மட்டும் எடுத்துப் போடுங்க அம்மிணி. பாக்கவே கண்றாவியா இருக்குது."

"எந்தக் கையைங்க?"

"எங்க மச்சான் தோள்மேல ஒண்ணு தொங்குது பாருங்க, அது. கை இருக்குது, ஆளைக் காணோம்."

நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி 11.50. படத்தை ஒட்டி முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை; அதற்குள் குறை சொல்ல வந்த நான்காவது ஆள் இந்தக் காளியண்ணன். முதலில் வந்தவருக்குத் தொந்தி குறைய வேண்டும். அடுத்து வந்த அம்மாளுக்குத் தன் முகம் வெளுக்க வேண்டும். மூன்றாமவருக்குத் துபாயில் இருக்கும் தன் தம்பியைப் பக்கத்தில் நிறுத்தித் தர வேண்டும்.

"பாக்கறேங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினாள்.

எடப்பாடிக்கு வெளியே, நெசவுக் குடும்பம் ஒன்றின் குலசாமி கோயில். கூடியிருந்தவர்கள் எழுபத்திரண்டு பேர். ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சந்தன நிறச் சட்டை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கோகுல்ராஜ், பந்தி போடுவதற்குள் பெரிய குரூப் போட்டோவைப் பிரேம் போட்டே தந்துவிடுவதாக வாய்விட்டிருந்தான். வாய் அவனுடையது, வேலை அவன் ஸ்டுடியோவில் படம் திருத்தும் நர்மதாவுடையது. லேப்டாப்பையும் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கோயிலுக்கு எதிரே மதில் சுவர். பின்னால் போய் நின்று எடுக்க இடமில்லை. அதனால் இடமிருந்து வலமாக மூன்று துண்டாக எடுத்தான். முதல் துண்டு பெரிய கேமராவில். அதன் பேட்டரி தீர்ந்துபோக, நடுத்துண்டு அவன் போனில். அதில் இடம் நிறைந்துபோக, கடைசித் துண்டு குடும்பப் பெரியவர் வேலுசாமியின் மகள் பிரீத்தியின் போனில். மூன்று கேமரா, மூன்று லென்ஸ். ஒன்றில் சட்டை சந்தனம், ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் வெள்ளை. போன் லென்ஸோ ஓரத்தில் நின்றவர் தலையைப் பூசணிக்காயாக இழுத்து வைத்திருந்தது. மூன்றையும் ஒட்டுவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போதாக்குறைக்குத் திருட்டு வேறு.

10.45க்கு வேலுசாமி, அம்மனுக்குச் சாத்த வேண்டிய தங்கப் பொட்டைப் பின்னறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுப் படத்துக்கு வந்து நின்றார். படம் முடிந்ததும் 11.20க்கு எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பீரோவைத் திறந்தார்கள். பொட்டு இல்லை.

வேலுசாமி மைக்கைப் பிடித்தார். "நாங்க எழுபத்திரண்டு பேரும் போட்டோவுல நிக்கறோம். நிக்காதது ஒரே ஆளு. கோயில் கூட்டற ரஞ்சிதா."

அவள் பையை உதறினார்கள். முந்தானையை உதறச் சொன்னார்கள். எதுவும் விழவில்லை. பன்னிரண்டரைக்கு ஸ்டேஷனிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்த ரஞ்சிதா மெல்ல எழுந்து நர்மதாவிடம் வந்தாள். "அக்கா, போலீசு என்னை வண்டியில ஏத்திட்டா, நாளைக்கு எந்த ஊட்டுலக்கா என்னை வாசல் கூட்ட உடுவாங்க?"

நர்மதா திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். எழுபத்திரண்டு பேருக்குச் சாட்சி சொல்லும் படம் தன் கையால் ஒட்டியது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒட்டியதைப் பிரித்தாள். முதல் துண்டும் நடுத்துண்டும் சேரும் இடத்தில் வேலுசாமி. முதல் துண்டில் அவர் தோளில் கை இருந்தது; அதே கையின் மணிக்கட்டோடு படம் முடிந்தது. நடுத்துண்டில் அதே வேலுசாமி. தோளில் கை இல்லை. பக்கத்தில் செல்லமுத்து என்ற இளைஞன் கைகட்டி நின்றான்.

இன்னொன்றும் இருந்தது. காலடியில் விளக்குத் தூணின் நிழல். முதல் துண்டில் அது தளக்கல்லின் இணைப்பைத் தொட்டது. நடுத்துண்டில் நாலு விரல் தள்ளிக் கிடந்தது. ஒட்டும்போது லென்ஸைத் திட்டிவிட்டு, அந்த வித்தியாசத்தைப் படத்தில் அழித்துப் பூசியிருந்தாள். இப்போது யோசித்தாள். லென்ஸ் இழுத்தால் கல்லையும் நிழலையும் சேர்த்துத்தானே இழுக்கும்?

நேரம் 12.05.

"அண்ணா, முதல் துண்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்" என்றான் கோகுல்ராஜ்.

"நெசத்தைச் சொல்லுங்க."

"கேமராவுல மணி இருக்கும், பாரேன்."

"அதுல இன்னும் போன வருஷத் தேதிதான் ஓடுது. நான் நிழலைப் பாத்துட்டுக் கேக்கறேன்."

அவன் பின்மண்டையைச் சொறிந்தான். "கார்ல இன்னொரு பேட்டரி தேடினேன். பத்து நிமிஷம் இருக்கும். ரெண்டுக்குமே சார்ஜ் போடலைன்னு தெரிஞ்சா அந்தப் பெரியவர் என் தோலை உரிச்சிருவாரு நர்மதா."

"உங்க தோலைக் காப்பாத்தறதுக்கு அங்க ஒருத்தி அழுதுட்டு உக்காந்திருக்கா."

பிரீத்தியைக் கூப்பிட்டாள். அந்தப் பத்து நிமிடமும் யாரும் நகரவில்லையா?

"வெயில்ல எப்படிங்க நிப்போம்? தண்ணி குடிக்கப் போனாங்க, ஓடற கொழந்தையைப் புடிக்கப் போனாங்க. மறுபடியும் வந்து நின்னுட்டோம்."

"உங்கப்பா தோள்ல கை போட்டிருந்தது யாருங்க?"

பிரீத்தி சிரித்துவிட்டாள். "எங்கப்பா தோள்லயா? நானே போட மாட்டேன். எங்கூட்டுக்காரர் மூணடி தள்ளித்தான் நிப்பாரு. பங்காளிங்க எல்லாம் அவருக்கு எளையவங்க, கையைக் கட்டிட்டுத்தான் பேசுவாங்க. அது உங்க கம்ப்யூட்டர்ல மொளைச்ச கைங்க."

நர்மதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

12.20. வேலுசாமி பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காளியண்ணன், வேலுசாமி மனைவியின் ஒரே தம்பி.

"பிரேம் போட்டாச்சா அம்மிணி?"

"இல்லீங்க. இந்தப் படம் சாட்சி சொல்லாதுங்க. இது ஒரு படமில்லை, மூணு படம். நடுவுல பத்து நிமிஷ ஓட்டை இருக்குது. அந்த நேரத்துல இவரு பின்னறைக்குப் போயிட்டு வந்திருக்காரு." காளியண்ணனைக் காட்டினாள்.

"நாந்தான் போட்டோவுல இருக்கறனே!" காளியண்ணன் துள்ளி எழுந்தார்.

"இருக்கீங்க. வலது கோடியில, கடைசித் துண்டுல. முதல் துண்டு எடுக்கறப்ப நின்னது பெரியவரு பக்கத்துல. இதோ உங்க கை."

"எல்லாருக்கும் ஒரே சட்டை. கையைப் பாத்து ஆளைச் சொல்ல நீங்க என்ன ஜோசியரா?"

"நான் கையைப் பாக்கலீங்க, தோளைப் பாத்தேன். மகள் போடாது. மருமகன் போட மாட்டாரு. பங்காளிங்களுக்குப் பயம். இந்தத் தோள்ல உரிமையா கை போட மச்சினன் ஒருத்தராலதான் முடியும்." மூச்சு விட்டுக்கொண்டாள். "படத்தைப் பாக்க வந்தவங்க எல்லாம் அவங்கவங்களைப் பத்தித்தான் குறை சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் அடுத்தவர் தோளைப் பத்திக் கவலைப்பட்டீங்க. அந்தக் கை போயிட்டா நீங்க எடம் மாறினது யாருக்கும் தெரியாதுல்லீங்க?"

வேலுசாமி படத்தையே பார்த்தார். பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள?"

காளியண்ணன் வேட்டி மடியை அவிழ்த்தார். சிறிய சிவப்புத்தாள் பொட்டலம். "அம்மனுக்குப் பொட்டு செஞ்சு குடுக்கறது எங்கூட்டு முறை மச்சான். எங்கப்பன் காலத்துல இருந்து நாங்கதான் குடுத்தோம். இந்த வருஷம் ஒரு வார்த்தை கேக்காம நீங்களே சேலத்துல செஞ்சுட்டு வந்துட்டீங்க. ஒரு மணி நேரம் தேடித் தவிக்கட்டும்னுதான் எடுத்தேன். அந்தப் புள்ளை மேல பழி போகும்னு நெனைக்கலை."

"போனதுக்கு அப்பறம்?" என்றாள் நர்மதா.

அவர் பொட்டலத்தை மச்சானிடம் நீட்டினார்.

வேலுசாமி பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சரி, ஊட்டு விஷயம் ஊட்டோட போகட்டும். பொட்டு பீரோவுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லிக்கலாம். பிரீத்தி, போலீசை வர வேண்டாம்னு சொல்லிரு. எலையைப் போடுங்கப்பா."

எல்லாரும் கலைந்தார்கள். நர்மதாவுக்கு லேப்டாப்பை யார் தலையிலாவது போடலாம் போலிருந்தது.

அப்போது ரஞ்சிதா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் வேலுசாமியிடம் நீட்டினாள். காலையில் யாரும் அதை அணைக்கவில்லை. அவள் பேசியது பந்தல் முழுக்கக் கேட்டது.

"என் பேரை இதுலதானுங்க சொன்னீங்க. நான் எடுக்கலைன்னு இதுலயே ஒருக்கா சொல்லிருங்க சாமி."