வாய்மொழி உத்தரவு

அன்று மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு போகும்போதே எனக்கு எரிச்சல்தான். பத்துப் படுக்கை, பத்திலும் ஆள்; ஒரு வென்டிலேட்டரும் காலியில்லை. கீழே அவசரப் பிரிவில் மூச்சுக்குத் தவிக்கும் ஓர் இளம்பெண். குழந்தை பிறந்து ஒன்பதே நாள். அவளுக்கு உடனே வென்டிலேட்டர் வேண்டும்.

ஆறாம் படுக்கையில் ஒரு தையல்காரர். பதினோரு நாளாக அவருக்காக மூச்சு விடுவது கருவிதான். இனி எழ மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவர் மகளுக்கும் தெரியும். நிறுத்து என்று யார் சொல்வது?

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க டாக்டர். எங்கப்பாவப் போய் நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?" என்றாள் மகள்.

மாடிப்படிக்கு வந்து தலைமை மருத்துவரைப் போனில் பிடித்தேன். "நீ அங்கதானேம்மா இருக்கே, நீயே முடிவு பண்ணிடு" என்று வைத்துவிட்டார்.

எல்லாரும் நல்லவர்கள். பழி மட்டும் என் தலையில்! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"யாராவது முடிவு பண்ணித் தொலைங்களேன்!" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

பட்டப்பகல். ஆனாலும் படிக்கட்டு மெல்ல இருண்டது. கீழேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை ஏறி வந்தது. செருப்புச் சத்தம் ஒன்று என்னை உரசுகிற மாதிரி தாண்டி மேலே போனது.

ஆள் இல்லை.

நின்று யோசிக்க நேரமில்லை. கீழே ஓடி, முக்கால் மணி நேரம் அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பையை அழுத்திக் கையாலேயே மூச்சுக் கொடுத்தேன். அப்போது மேலேயிருந்து தகவல் வந்தது: படுக்கை தயார், கூட்டி வாருங்கள்.

ஆறாம் படுக்கையில் புது விரிப்பு.

"தையல்காரர் எங்க சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் விழித்தார். "என்ன டாக்டர், நீங்கதானே வந்து 'போதும், நிறுத்திடுங்க'ன்னு சொன்னீங்க. கடைசிவரைக்கும் பக்கத்துலயே நின்னீங்களே."

மகள் வந்து என் கையைப் பற்றிக்கொண்டாள். "நீங்களாவது வாயத் தொறந்து சொன்னீங்களே, புண்ணியமாப் போகும்." சட்டென்று கையை விட்டாள். "அப்போ உங்க கை சில்லுன்னு இருந்துச்சே..."

என் கையைத் தொட்டுப் பார்த்தேன்; பை அழுத்தியதில் சூடாகத்தான் இருந்தது.

அவசரத்தில் நாங்கள் வாயால் சொல்வதை நர்ஸ் எழுதிவைப்பார், பிறகு கையெழுத்துப் போடுவோம். தினமும் நடப்பதுதான். பெரிய சிஸ்டர் தாளை நீட்டினார்.

நான் சொல்லவில்லை என்று அங்கேயே கத்தியிருக்க வேண்டும். ஆனால் சிஸ்டர் மாட்டிக்கொள்வார். ஆறாம் படுக்கையில் கருவியோடு இணைத்த அந்த இளம்பெண்ணின் மார்போ இப்போதுதான் சீராக ஏறி இறங்குகிறது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாரம் இறங்கின மாதிரி ஒரு நிம்மதி.

கையெழுத்துப் போட்டேன்.

மறு ஓரத்திலிருந்து இளைய நர்ஸ் இன்னொரு தாளோடு வேகமாக வந்தாள். "நாலாம் படுக்கைக்கும் 'போதும்'னு நீங்க இப்பச் சொன்னத எழுதிட்டேன் டாக்டர்."

நாலாம் படுக்கையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். காலையில் காபி கேட்டு என்னிடம் அடம்பிடித்தவர். நாளைக்கு சாதாரண வார்டுக்கு மாற வேண்டியவர்.

ஓடினேன்.

திரைக்குப் பின்னால் யாரோ அவர் மனைவியைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, பொறுமையாக.

என் குரலில்.