நான்காவது சிலிண்டர்

வண்டி மூன்று முறை துடித்தது. நான்காவது துடிப்பை விழுங்கிவிட்டது. மறுபடியும் மூன்று, மறுபடியும் ஒரு வெற்றிடம். கூடத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து தாம்பாளங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த சாம்பசிவம், தன் விரல்களும் நாற்காலிக் கையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிய மாப்பிள்ளைகள் எவரும் மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு வண்டியில் ஏறியதில்லை. ஊரைவிட்டுப் போன ஒரு மில் துரையிடமிருந்து சாம்பசிவத்தின் தகப்பனார் வாங்கிய வண்டி அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, பின்னால் மடக்கிவிடும் துணிக்கூரை. அந்த மடிப்பின்மேல் பட்டு விரித்து, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையை உட்கார்த்தி, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை ஊர்வலம் விட்டால் சொக்கிகுளமே வாசலுக்கு வந்து நிற்கும். இன்று சாயங்காலம் அவருடைய ஒரே பேத்தி வர்ஷினிக்காக அது ஓட வேண்டும். சம்பந்தி ஜெயராம் ஆடம்பரமான வாடகைக் கார் ஒன்றைப் பேசியிருந்தார். "எங்க வீட்டு வண்டி ஓடும். ஓடலைன்னா நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன்" என்று நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேர் முன்னால் சாம்பசிவம் சொல்லி, அந்தக் காரை ரத்து செய்ய வைத்திருந்தார். சொன்ன சொல் சொன்னதுதான்.

எழுந்து கொல்லைப்புறம் போனார்.

கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டிக் கொட்டகை. தகரக் கூரை, தேக்குக் கதவு. உள்ளே பழைய பெட்ரோல் வாசனையும், வெந்த ரப்பர் வாசனையும், மழைக்காலத்துச் சாக்கு வாசனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. மெக்கானிக் ராம்கி வண்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். அலங்காநல்லூர்க்காரன், வாய் ஓயாதவன்.

"வாங்கய்யா. உங்க வண்டி எங்க ஊரு மாடு மாதிரி. வாடிவாசல் வரைக்கும் துள்ளிக்கிட்டு வருது, அங்கன வந்ததும் நின்டுக்கிட்டு மொறைக்குது."

"வேலையைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்தா பாருங்க." கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடும் இன்ஜினிலிருந்து முதல் பிளக்கின் ஒயரை உருவினான். வண்டி தள்ளாடியது. செருகிவிட்டு இரண்டாவதை உருவினான், தள்ளாடியது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை உருவியபோது ஒன்றும் ஆகவில்லை. அதே மூன்று துடிப்பு, அதே வெற்றிடம். "நாலாவது சிலிண்டர் செத்துக் கெடக்கு. ஒயரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஆனா பிளக்கு புதுசு, ஒயரு புதுசு, உருவிப் பிடிச்சா நெருப்புப் பொறி நல்லா நீலமா அடிக்குது. சிலிண்டருக்குள்ள காத்து அமுக்கம் பாத்தேன், அதுவும் சரியா இருக்கு. எல்லாம் இருந்தும் உசுரு மட்டும் இல்லை. இப்புடி ஒரு கோளாற நான் பாத்ததே இல்லய்யா."

பேசிக்கொண்டே சுவர் மாடத்தில் கவிழ்ந்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடித்தான். சாம்பசிவம் அந்த டம்ளரையே பார்த்தார். அது கருப்புவின் டம்ளர். முப்பது வருஷம் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட கருப்புவுக்கென்று தனியாக வைத்திருந்தது. அவன் குடித்துவிட்டு அவனே கழுவி அங்கேயே கவிழ்த்து வைப்பான். அதை யாரும் எடுத்து எறியவில்லை, ஏனென்றால் யாரும் தொடுவதில்லை.

"இனி இருட்டுல பாக்க வேண்டியதுதான்" என்றான் ராம்கி. "கதவ ஒருக்களிச்சு வச்சுட்டு ஓட விட்டா, எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா நீலமாத் தெரியும். ஒராளு உள்ள உக்காந்து மிதிய அமுக்கிக்கிட்டே இருக்கணும். கால எடுத்தா வண்டி நின்டுரும். ஒக்காருறீகளா?"

சைலன்சர் வாயில் ஒரு நீளமான ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் கதவுக்கு வெளியே விட்டான். குழாய் இடையில் கிடந்ததால் கதவு ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிட்டது. "பொகை வெளிய போயிரணும். இல்லாட்டி தூங்குற மாதிரியே போய்ச் சேந்துருவோம்." சிரித்தான். பிறகு கதவைத் தடவிப் பார்த்தான். "என்னய்யா இது? வெளிப்பக்கம் உரிஞ்சு கெடக்கு, உள்பக்கம் மட்டும் பெயின்ட் புதுசா இருக்கு?"

சாம்பசிவம் வண்டியின் கதவைத் திறந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து மிதியை அமுக்கினார்.

கதவுக்குள் வந்த வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. இருட்டில் வண்டி இன்னும் பெரியதாகிவிட்டது போலிருந்தது. ஸ்டீரிங் அதிர்ந்தது, அவருடைய பல் அதிர்ந்தது, முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு தகரம் அதிர்ந்தது. அத்தனை அதிர்வுகளும் அந்த ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரே சமயத்தில் நின்று மூச்சுப் பிடித்தன. மூன்று. பிறகு ஒன்றுமில்லை. மூன்று. பிறகு ஒன்றுமில்லை.

போன தை மாதம் பெண் பார்க்க வந்த அன்றும் வண்டி இப்படித்தான் இடறிக்கொண்டிருந்தது. கருப்பு இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தான். அவன் குழாய் போட்டிருந்தான். ஆனால் அந்த இடைவெளி வழியாகப் புகையும் சத்தமும் கூடத்துக்கு வந்தன. சம்பந்தி வீட்டார் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, இந்த வீட்டு வண்டி காசநோய்க்காரன்போல் இருமுவதை அவர்கள் கேட்கலாமா? சாம்பசிவம்தான் வந்து குழாயைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தார். பிறகு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. எண்ணெய்க் கையும் அழுக்கு வேட்டியுமாக அவன் திணறிக்கொண்டு அந்தச் சபை நடுவே வந்து விழுவதை நினைத்துப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் செத்தது மாரடைப்பால் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவன் மனைவி ராக்கம்மாள் மட்டும் பேரையூரிலிருந்து ஒருநாள் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று, "அந்த மனுசன் கைமுட்டி ஏன்யா அப்படித் தோலுரிஞ்சு கெடந்துச்சு?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய்விட்டார். நடந்ததற்கு அவர் வருந்தவில்லை. வீட்டு மானம் வீட்டு மானம்தான். கதவின் உள்பக்கம் பதிந்திருந்த கரிய கைத்தடங்களை மட்டும் தம் கையாலேயே பெயின்ட் அடித்து மறைத்தார். தடங்கள் மேலே ஊறி வந்தன. மறுபடியும் அடித்தார்.

"ஒரு கசிவும் இல்லய்யா" என்று இருட்டுக்குள்ளிருந்து ராம்கியின் குரல் வந்தது. "பின்ன நாலாவது ஏன்..."

சாம்பசிவத்தின் காலின்மேல் ஏதோ கனத்தது. செருப்பில்லாத ஒரு பாதத்தின் கனம். ஈரமாக, சில்லென்று, அவர் காலோடு சேர்ந்து மிதியை அமுக்கியது.

காலை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பின்னால் வண்டி நின்றது.

முற்றத்தில் வர்ஷினி நின்றிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை சிவப்புக் கோன் மருதாணி, காயாத ஈரம். விரல்களை அகல விரித்துப் பிடித்தபடி, "என்ன தாத்தா, ஓடிச்சா? ஆளு வேணும்னா நான் போய் மிதிக்கிறேன்" என்றாள்.

"கல்யாணப் பொண்ணுக்குக் கொட்டகையில என்ன வேலை? மேல போ."

"அந்த வண்டி ஓடலைன்னா நீங்க மண்டபத்துக்கு வர மாட்டீங்களாம்ல. அப்பத்தா அழுவுறாங்க."

"மேல போன்னேன்."

அவர் முகம் கழுவி, விபூதி பூசி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது வண்டி மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. ராம்கி பைக்கை உதைத்துக்கொண்டே வாசலில் கத்தினான். "கன்டென்சர் ஒண்ணு மாத்திப் பாத்துருவோம்யா, கடைக்குப் போயிட்டு வாரேன். வண்டி சூட்டுலயே இருக்கட்டும். ஆஃப் பண்ணிராதீங்க. உள்ள..." மேளக்காரர்கள் தவிலை இறக்கும் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. அவன் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி வீட்டு வேன் தெருமுனையில் திரும்பியது.

கொல்லையில் கொட்டகைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. குழாய் வாயிலிருந்து கரும்புகை விட்டுவிட்டு வந்து கூடத்து ஜன்னலுக்குள் நுழைந்தது. மூன்று. இடைவெளி. மூன்று. ஆள் இல்லாத கொட்டகை. மிதியை அமுக்குவது எந்தக் கால் என்று அவருக்குத் தெரியும்; உள்ளே போய்ச் சாவியைத் திருப்ப வேண்டுமென்றால் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். சாம்பசிவம் குழாயைக் காலால் உள்ளே தள்ளினார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். அடியில் ஒரு சாக்கையும் திணித்தார்.

கூடத்தில் சந்தனம், பன்னீர், பட்டுப்புடவைச் சலசலப்பு. ஜெயராம் நடு நாற்காலியில் உட்கார்ந்து கூல்டிரிங்ஸ் உறிஞ்சினார்.

"வண்டி ரெடியா சம்பந்தி? எங்க பையன் கோயில்ல காத்துக்கிட்டு இருக்கான். இல்ல, ஆட்டோ பேசிருவமா?"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். "ரெடி" என்றார் சாம்பசிவம்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

தட், தட், தட். இடைவெளி. தட், தட், தட்.

இன்ஜின் சத்தமில்லை. மரம். உள்ளிருந்து மரத்தின்மேல் தட்டும் கை.

ஆள் இல்லாத கொட்டகை. தாழ்ப்பாள் போட்ட கொட்டகை. ஆக, அவன்தான். இதே நாளுக்காக, இதே மனிதர்கள் முன்னால் வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜெயராம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இதே சத்தம் கேட்டுச்சே, சம்பந்தி?"

"இன்ஜின் சத்தம்" என்றார் சாம்பசிவம். அன்றும் இதைத்தான் சொன்னார்.

தட்டு வேகமானது. தாளம் கலைந்தது. மரத்தை யாரோ பிராண்டினார்கள்.

"மேளத்தை வாசிக்கச் சொல்லு" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். "சும்மாவா நிக்கிறானுங்க?"

நாயனம் கிளம்பியது. தவில் அதிர்ந்தது. அத்தனைக்கும் அடியில் யாரோ கூப்பிடுவது போலிருந்தது, மூன்று எழுத்து, நீளமாக. நாயனத்தின் இழுவை என்று நினைத்துக்கொண்டார். நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்தார். திறக்க மாட்டேன். போன தடவை திறக்கவில்லை. இந்தத் தடவையும் திறக்க மாட்டேன். கிட, நாயே. அங்கேயே கிட.

அவர் மனைவி தர்மாம்பாள் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். "என்னங்க, வர்ஷினியப் பாத்தீங்களா? அலங்காரம் பண்றவங்க தேடுறாங்க."

"மேலதான் இருப்பா. நல்லாத் தேடு."

தட். தட்.

தட்.

நின்றது.

மேளமும் ஒரு பாட்டை முடித்து நின்றது. அந்த அமைதியில் வண்டிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. சாம்பசிவம் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினார். மூன்று. நான்கு. மூன்று, நான்கு. இடைவெளி இல்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல் ஒரே சீராக, அவருடைய தகப்பனார் காலத்தில் ஓடியதுபோல் ஓடியது.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்தார். "கேட்டீங்களா, சம்பந்தி?"

"அட, கிளம்பிருச்சே!" ஜெயராமும் எழுந்தார்.

எல்லோருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடந்தார் சாம்பசிவம். பைக்கை நிறுத்திவிட்டு ராம்கி கையில் சிறு பொட்டலத்தோடு ஓடி வந்தான். சாத்திய கதவைப் பார்த்தான். குழாயைத் தேடினான். அவன் முகம் வெளுத்தது.

"கதவ ஏன்யா சாத்துனீங்க?" அவன் குரல் உடைந்தது. "பாப்பாவ உள்ள உக்கார வச்சுட்டுத்தான போனேன்! கால எடுத்தா நின்டுரும்னு அதுதான் மிதிச்சுக்கிட்டு..."

தாழ்ப்பாளை உருவியது ராம்கிதான். அடியில் திணித்த சாக்கு இறுக்கியதால் கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. இழுத்தபோது அது வழுக்கி, வாசற்படியில் முகம் படும்படி சரிந்தது. புகை அதன்மேல் போர்வையாக இறங்கியது.

பின்னால் தர்மாம்பாள் அலறினாள்.

சாம்பசிவம் அலறவில்லை. கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைப் பெயின்ட்டின்மேல் சிவப்பாக, ஈரமாக, மருதாணிக் கைத்தடங்கள். பத்து, இருபது, கீழே வரவர நீண்டு இழுபட்டவை. ஒவ்வொரு சிவப்புத் தடத்துக்கு அடியிலும் பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கரிய தடம். பெரியது. அவள் விரல்மேல் விரல் வைத்தாற்போல்.

அவளுடைய வலது கை மூடியிருந்தது. ராம்கி விரல்களைப் பிரித்தான். உள்ளே வண்டிச் சாவி.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துடிப்பும் தவறாமல்.

இருட்டுக்குள், யாருமில்லாத இருக்கைக்குக் கீழே, மிதி தரையைத் தொட்டு அமுங்கியிருந்தது. சாம்பசிவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே வந்தது. மறுபடியும் அமுங்கியது. விளக்குகள் இரண்டும் எரிந்தன. சிவப்பு வண்டி, பட்டு விரித்த முதுகோடு, அவரை நோக்கி ஊர்ந்து வரத் தொடங்கியது.