நகராத கல்

காலை ஆறு மணிக்குச் சுகிர்தா தொடக்கக்கல்லின் தலையில் அளவிக் கருவியை வைத்து, அது ‘டிங்’ என்று ஒலிக்கும்வரை காத்திருந்தாள். முழங்கால் உயரக் கருங்கல் அது. அதன் உச்சியில் பதித்திருந்த பித்தளைக் குமிழ்தான் ஏழாம் அடுக்குக்குச் சுழி, அதாவது பூஜ்யம். அங்கிருந்து கிழக்கே போனால் பிளஸ், மேற்கே போனால் மைனஸ். மலைச்சரிவைப் படிபோல வெட்டி ஒரே ஒரு தெருவைப் போட்டு, வரிசையாக இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளைக் கட்டியிருந்தார்கள். கதவிலக்கம் கிடையாது. கல்லிலிருந்து எத்தனை மீட்டரோ, அதுவே முகவரி.

பிளஸ் பக்கத்தில் வெயில் சீக்கிரம் வரும் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் கிராக்கி. மைனஸில் பெண் எடுக்க யோசிப்பவர்கள்கூட இருந்தார்கள். எண்ணூரில் ஒரே குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஜனம்தான் எல்லாம். கடல் வந்து ஊரை எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடம் முகாமில் கிடந்து, இங்கே வீடு கிடைத்த மறுவாரமே ஒரு கூட்டல் குறியை வைத்து மேல் கீழ் பிரித்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்.

சுகிர்தா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, சுவரில் பதித்த எஃகுத் தட்டின் மேல் அளவியை வைத்தாள். ஒளிக்கீற்று ஒன்று தொடக்கக்கல்வரை போய்த் திரும்பும். தட்டில் பச்சை எழுத்து வரும்: இடப்பெயர்ச்சி, சுழி. அதைப் பார்த்த பிறகுதான் பலர் காபிக்கு அடுப்பு மூட்டுவார்கள். மற்ற நேரங்களில் தட்டுகளே மணிக்கொரு தரம் கல்லைப் பார்த்துக்கொண்டு அளவிக்குச் செய்தி அனுப்பும்.

“இன்னாம்மா அளவரே, நைட்டு நான் எங்கியாச்சும் போய்ட்டனா?” பிளஸ் நூற்று எண்பது அற்புதராஜ் பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். ஐந்து வருடமாக அதே கேள்வி.

“அங்கியேதான் கீறீங்கண்ணே.”

“அப்ப சரி.”

இந்த நிம்மதியைக் கேலி செய்ய அவளுக்கு மனம் வந்ததில்லை. கடல் ஏறிய காலத்தில் எதை நம்புவது என்றே யாருக்கும் தெரியவில்லை. படமும் குரலும் செய்து விற்கிற காலம். செயற்கைக்கோள் காட்டிய வரைபடத்தைக்கூட எவனோ உள்ளே புகுந்து மாற்றி வைத்தான். புரளியை நம்பி ஓடியவர்கள் நெரிசலில் செத்தார்கள், உண்மையைப் புரளி என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீரில் செத்தார்கள். சுகிர்தாவின் அம்மா எண்ணூர் மேம்பாலத்தில், வராத அலைக்குப் பயந்து ஓடிய கூட்டத்தின் காலடியில் போனாள். அதற்குப் பிறகு வந்ததுதான் அளவைச் சட்டம். சான்று பெற்ற கல்லிலிருந்து, முத்திரையிட்ட கருவி அளந்தால் மட்டுமே ஒன்று நடந்ததாகக் கணக்கு. கண்ணால் பார்த்தேன் என்பதற்கு மதிப்பில்லை. நல்ல சட்டம் என்று நம்பித்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

வீடு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், இடம் மாறச் சொல்லும் பெயர்ப்பாணை தானாக வரும். வேறு அடுக்கில் வீடு தருவார்கள். ஆணை இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் இரவு வாசல் தட்டில் கை பதிக்க வேண்டும். ஒரு கை குறைந்தால் வீடு காலி என்று பொருள், மறுநாளே முகாமிலிருந்து அடுத்த குடும்பம் வந்துவிடும்.

மேற்குக் கோடியில் இருந்த மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு அவளுடைய தம்பி தாவீதின் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அன்று அவன் வாசலில் நிற்கவில்லை. உள்ளே ஜன்னலருகே குந்தியிருந்தான்.

“அக்கா, அளக்கறத வுடு. இங்க வந்து இதப் பாரு.”

ஜன்னல் கம்பியின் மேல் ஒரு மீன்பிடி நரம்பு ஓடியது. அதன் ஒரு முனை வெளியே போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓடைக்கு அந்தப் பக்கம் சற்று மேலே இருந்த பெரும்பாறையின் இரும்பு வளையத்தில் கட்டியிருந்தது. மறுமுனையில், வீட்டுக்குள், பழைய பூட்டு ஒன்று தொங்கியது. பூட்டுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள். நாளுக்கு ஒரு கோடு, தேதியோடு.

“இது இன்னாடா கூத்து?”

“பின்கதவு சாத்த மாட்டேங்குது, ஓடப்பாலத்துல பலகை இழுத்துக்கினு நிக்குது. சரி, பாத்துடலாம்னு கட்டினேன். பூட்டு மேல ஏறுதுக்கா.”

சுகிர்தா கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். கீழே நாற்பது கோடுகள் ஒரே இடைவெளியில் இருந்தன, தீக்குச்சிக் கனம். அது சீரான திசைவேகம். அதற்கு மேல் இடைவெளி விரிந்தது. இரண்டு தீக்குச்சி, மூன்று, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே அவளுடைய சுண்டுவிரல் நுழைந்தது. சமநேரத்தில் சமமில்லாத தூரம். பயிற்சிப் பள்ளியில் இதற்கு முடுக்கம் என்று பெயர் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

வாசலுக்கு ஓடித் தட்டில் அளவியை வைத்தாள். பச்சை. சுழி.

“சுழின்னுதான் வரும்,” என்றான் தாவீது பின்னாலேயே வந்து. “பஸ்ஸுக்குள்ள குந்திக்கினு டிரைவர் சீட்டு எவ்ளோ தூரம்னு அளந்தா, பஸ்ஸு ஓடுதா நிக்குதான்னு எப்டிக்கா தெரியும்? உன் கல்லும் பஸ்ஸுக்குள்ளதான கீது.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழாம் அடுக்கு மொத்தமாக, தட்டில் வைத்த பாத்திரங்களைப்போல, கல்லும் வீடும் சேர்ந்தே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக அவள் அளந்தது பாத்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை.

அன்று பகலில் மேலளவர் சடகோபனைத் திரையில் அழைத்தாள். தலைமை அடுக்கில் இருப்பவர், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. கோடுகளின் படத்தைக் காட்டினாள். சட்டப்படி படத்தை அவர் பார்க்கவே கூடாது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனை நாள் தாங்கும்னு கணக்குப் போட்டியா?”

“பத்து நாள் சார். கூடிப்போனா பன்னண்டு.”

“எனக்கும் அதான் வருது.”

“அப்ப ஆணை போடுங்க சார்!”

“எதை வச்சும்மா போடறது? ஆணை நான் போடறதில்ல, அளவு போடறது. நீ சொல்றத நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது அளவு இல்லையே.”

“கல்லு நகருது சார். கல்லையே அளந்துட்டா?”

“கல்லை எதுலேர்ந்து அளப்பே? அதோட இடம் சுழின்னு சட்டத்துலேயே எழுதியிருக்கு. வேணும்னா அந்தப் பாறையை ரெண்டாவது தொடக்கமா சான்று கேக்கலாம். இன்னிக்கே எழுதறேன். அறுபது நாள் கண்காணிப்பு உண்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி, அவ்வளவுதாம்மா. அதிகாரம் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல,” என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

யோசனை அவளுக்குத்தான் வந்தது. ஊர் நகர்ந்ததைக் கல் சொல்லாது. சரி, கல்லை நகர்த்தினால்? எல்லா வீடும் நகர்ந்ததாகத்தானே வரும்? பொய் அளவுதான். உண்மையைச் சொல்ல வேறு வழி இருந்தால் அவள் பொய்யைத் தொட்டிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாமல் போனது. தாவீது பழைய ஜாக்கியைக் கொண்டுவந்தான். அளவர் வேலைக்கு எடுத்த உறுதிமொழியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் கல்லின் அடிமண்ணைத் தோண்டினாள். அரைமணி நேரத்தில் கல் கிழக்கே இருபது சென்டிமீட்டர் போய் உட்கார்ந்தது.

மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளும் சிவந்தன. இடப்பெயர்ச்சி, மேற்கே இருபது சென்டிமீட்டர். தெரு முழுக்க ஒரே கூச்சல். பெயர்ப்பாணை வந்துகொண்டிருப்பதாகத் தட்டுகள் சொன்னதும் ஜனம் மூட்டை கட்டத் தொடங்கியது. அற்புதராஜ் கட்டிலைப் பிரித்துவிட்டார். தாவீதின் மனைவி லீமா, அழுதுகொண்டே ஆறு வயது பிளெஸ்ஸிக்கு இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினாள். சுகிர்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

நான்கு மணிக்குத் தட்டுகள் மறுபடி பச்சையாயின.

அளவியில் செய்தி வந்திருந்தது. ‘எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே அளவு நகர்வது இயல்பன்று. இது கருவியின் சுழிப்பிழை. எல்லா அளவுகளிலிருந்தும் இருபது சென்டிமீட்டர் கழிக்கப்பட்டது. திருத்திய இடப்பெயர்ச்சி: சுழி.’

முதல் வருடப் பாடம். தவறான சுழியிலிருந்து அளந்தால், அந்தப் பிழையை எல்லா அளவிலும் ஒன்றுபோலக் கழித்துவிட வேண்டும். பரீட்சையில் அவளே எழுதியிருந்தாள். அவளைப் பிடிக்க யாரும் வரவில்லை. கல் நகராது என்றால், கல்லை நகர்த்திய குற்றமும் கிடையாதே. ஊர் மொத்தமும் ஒன்றாக நகரவே முடியாது என்று கருவி சொல்லிவிட்டது. நகர்ந்துகொண்டிருந்ததோ ஊர் மொத்தமும்தான்.

ஜனம் மூட்டையை அவிழ்த்தது. அத்தோடு அவளுடைய சொல்லுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று. வீடு வீடாகப் போய்ப் பூட்டையும் கோடுகளையும் பற்றிச் சொன்னாள். “முத்திர கீதா?” என்று கேட்டார்கள். அற்புதராஜ் கட்டிலை மறுபடி மாட்டிக்கொண்டே, “எங்கம்மாவும் உங்கம்மா போன அதே பாலத்துலதான் போச்சு. திரும்ப இந்த மாதிரி பேச்சக் கேட்டு ஓட மாட்டேன்மா,” என்றார். அவளே அந்தப் பக்கம் நின்று எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருக்கிறாள்!

“நீயாச்சும் போய்டுடா,” என்று தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“எங்கக்கா போறது? முகாமுக்கா? லீமா வரமாட்டேன்றா. ஒம்போது வருசம் தார்ப்பாய்க்கு அடியில பெத்து வளத்தவ. சுழின்னு வந்துச்சுல்ல, அது போதும்னு சொல்றா.” அவன் பூட்டைப் பார்த்தான். “அவங்கள வுட்டுட்டு நான் மட்டும் வரவா?”

தினமும் காலையில் அவள் கல்லில் தொடங்கி எல்லா வீட்டையும் அளந்தாள். செய்யாமல் விட்டால் வேறொருவர் வந்து அளப்பார். பச்சை, பச்சை, பச்சை. கடைசி வீட்டில் பூட்டைப் பார்ப்பாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் ஆனது.

கணக்குப் போட்டதிலிருந்து ஒன்பதாம் நாள் பூட்டு ஏறி ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டது. பாறை முனையில் நரம்பைத் தளர்த்தினால்தான் மேற்கொண்டு கோடு போட முடியும். எதற்கு இன்னும் கோடு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. செய்ய ஏதோ ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். சுகிர்தா பலகைப் பாலத்தைக் கடந்து பாறைக்கு ஏறினாள். மணி ஒன்பதாகச் சில நிமிடங்கள் இருந்தன. நல்ல வெயில். தாவீதோடு பேசக் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்து, வளையத்தில் சுற்றியிருந்த மிச்ச நரம்பைக் கையில் எடுத்தாள்.

“கொஞ்சம் வுடுக்கா,” என்றான் தாவீது.

ஒரு முழம் விட்டாள்.

“பூட்டு இறங்கல. இன்னும் வுடு.”

இன்னொரு முழம். நரம்பு தொய்யவில்லை. மூன்றாவது முழத்தை அவள் விடவில்லை, அதுவே போயிற்று. விரல்களுக்கு நடுவே சரசரவென்று ஓடித் தோலைக் கிழித்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் அடுக்கு அப்படியே இருந்தது. கொடியில் துணி, தெருவில் பிள்ளைகள், பக்கத்து வீட்டு வாசலில் கோலம். ஓடைப் பாலம் மட்டும் ஒரு முனை கரையை விட்டு அந்தரத்தில் நின்றது. பிறகு சத்தமில்லாமல் ஓடைக்குள் விழுந்தது.

“தாவீது! வெளிய வா! புள்ளயத் தூக்கிக்கினு மேல ஓடு!”

“இன்னாக்கா? தட்டு பச்சையாத்தான கீது.”

அவன் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். அவனுடைய கைக்கு அடியில் நுழைந்து பிளெஸ்ஸியும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையாட்டினாள். குழந்தையின் குரல் அவன் காதுக் கருவி வழியாக மெல்லிசாகக் கேட்டது.

“அப்பா, அத்த மேல போறாங்க!”

“ஆமா…” தாவீதின் குரலில் அப்போது பயம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “அக்கா, நீ இன்னாத்துக்கு மேல போய்க்கினு கீற?”

நரம்பின் கடைசி நுனி அவள் விரல்களை விட்டுப் போனது. கீழே இருந்து முதல் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இடுப்பில் தொங்கிய அளவி ‘டிங்’ என்று ஒலித்தது. ஒன்பது மணி. இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளும் கல்லைப் பார்த்துக்கொண்டு செய்தி அனுப்பியிருந்தன. மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு, இடப்பெயர்ச்சி சுழி. அடியில் முத்திரை சரியாக விழுந்திருந்தது.