முழுப் பாதை

அந்தக் கோப்புறையில் பதினொரு குரல்பதிவுகள்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தன.

ரெக்கார்டு மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். கடைசிப் பதிவுக்கு இன்றைய தேதி. நீளம் பூஜ்ஜிய விநாடி.

நீதிமன்றப் பதிவறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவர் அவர். எலி கடித்த கட்டு எது, நாளை கடிக்கப்போகிற கட்டு எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லுவார் என்று பேர். ஓய்வு பெற்றதும் வீட்டையே பதிவறை ஆக்கிவிட்டார். ஒரு தாள் வீட்டில் எங்கே இருக்கிறதோ, கணினியில் அதன் நகலும் அதே பெயருள்ள கோப்புறையில் இருக்க வேண்டும். வீடு, அதற்குள் கூடம், அதற்குள் அலமாரி, அதற்குள் இரண்டாம் தட்டு. மாடிப்படிக்குக்கூடப் படிக்கு ஒன்றாகப் பதினைந்து கோப்புறைகள். பல்லிக்கு மட்டும்தான் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

'அவள்' என்ற இந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. மனைவி அவர் போனில் விட்டுப்போன குரல்செய்திகள் அதில் இருந்தன. சுட்டி வழுக்கி எதற்குள்ளோ போட்டுவிட்டார். 'அண்மையில் திறந்தவை' பட்டியலில் தலைகாட்டும். திறந்தால் தலைப்பில் 'அவள்' என்று ஒற்றைச் சொல். நகலெடுக்கப் போனால் அது இருக்கும் இடம் கிடைக்கவில்லை என்று சண்டித்தனம் செய்யும்.

"நாளைக்கு வந்து பழைய கம்ப்யூட்டர்ல இருக்கறத எல்லாம் தொடச்சிடுவேன் மாமா. வேணுங்கறத இன்னிக்கே எடுத்து வச்சுக்குங்க," என்றார் போனில் மாப்பிள்ளை.

"ஒண்ணு மட்டும் எங்க இருக்குன்னே தெரியல மாப்பிள்ளை."

"உங்களுக்கா? அத்தை இருந்திருந்தா இதுக்கு ஊரக் கூட்டி விருந்து வச்சிருப்பாங்க. மேல 'பார்வை'ன்னு இருக்கும், அதுல 'விருப்பங்கள்'. 'தலைப்பில் முழுப் பாதையைக் காட்டு'ன்னு ஒரு வரி. பக்கத்துக் கட்டத்துல டிக் போடுங்க. அரை மணியில கூப்பிடறேன்."

வெளியே நாலு மணி மழை. மாடி அறையில் விளக்கில்லாத வெளிச்சம், கழுவிய பால் பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி.

அத்தைக்குத் திசை என்பதே கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போனால் பக்கத்து ஊரிலிருந்து போன் வரும். உலகத்துக்கெல்லாம் இடம் சொன்ன மனிதர், பெண்டாட்டி வழி கேட்டால் மட்டும் "அங்கதான், கடைக்குப் பக்கத்துல" என்று போனை வைத்துவிடுவார். "வால மட்டும் காட்டினா மாடுன்னு எப்படித் தெரியும்? வழிய முழுசாச் சொல்லுங்க," என்பாள்.

கடைசி நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாம் தட்டுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்துவிட்டு எடுக்கலாம் என்று விட்டார். அப்போது அவள் விட்ட அந்தப் பதினொன்றாவது செய்தியை நாலு வருடமாக அவர் கேட்கவில்லை. நாளை அது அழிந்துபோகும்.

கட்டத்தில் டிக் போட்டார். தலைப்பு நீண்டது.

ஆஸ்பத்திரி \ மூன்றாம் மாடி \ பதினாலாம் கட்டில் \ அவள்

அப்படி ஒரு கோப்புறையை அவர் உண்டாக்கியதே இல்லை. இருந்தும் பதினொன்றாவதைத் தட்டினார்.

இரைச்சல். தூரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம். பிறகு அவள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி.

"எங்க இருக்கீங்க? எடுக்க மாட்டேங்கறீங்களே. நீங்க வரவேணாம். வழிய முழுசாச் சொல்லுங்க. நானே வந்துடறேன்."

மேசையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். நிமிர்ந்தபோது தலைப்பு மாறியிருந்தது.

ஆஸ்பத்திரி \ வாசல் \ அவள்

கண்ணாடியின் கோளாறு என்று சொல்லிக்கொண்டார். கோப்புறையை மூடி மறுபடி திறந்தார்.

பெரிய தெரு \ மருந்துக்கடை முனை \ அவள்

மழை வலுத்தது. அறைக்குள் எங்கிருந்தோ பினாயில் வாடை, அதற்கு அடியில் அவள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை, இரண்டும் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் மெல்ல மெல்ல இறங்கின. பதினொரு நிமிடத்தில் நடந்து வந்துவிடுகிற தூரம்தான் மருந்துக்கடை. அதுவும் வழி தெரிந்தவர்களுக்கு.

வீடு \ வாசல் \ அவள்

கீழே கதவு திறக்கவில்லை. திறந்த சத்தமே இல்லை. ஆனால் கூடத்தில் ஈரச் செருப்பு. சளக். பிறகு ஒரு இழுப்பு. ஒரு தடவை வழுக்கி விழுந்த பிறகு அவளுக்கு இடது கால் இழுக்கும்.

பாய்ந்து விருப்பங்களைத் திறந்து டிக்கை எடுத்தார்.

அவள்

அவ்வளவுதான். ஒற்றைச் சொல். இப்போது அவள் எங்கே என்று தெரியவில்லை. கூடத்திலா? படியிலா? கதவுக்கு வெளியிலா? சத்தமும் நின்றிருந்தது. அவள் நடந்து வருவது தெரிவதே எவ்வளவோ மேல் என்று தோன்றியது. மறுபடி டிக் போட்டார்.

வீடு \ மாடிப்படி \ பதினாலாம் படி \ அவள்

பதினைந்து படிகள்.

சளக்.

வீடு \ மாடி \ அறை \ அவள்

திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

வீடு \ மாடி \ அறை \ நாற்காலி \ பின்னால் \ அவள்

காதுமடலில் ஈரம். தைலம். மூச்சு இல்லை.

போன் அடித்தது. எடுத்தார். அல்லது கை எடுத்தது. திரையில் எழுத்துகள் கடைசியாக ஒரு முறை நகர்ந்தன.

வீடு \ மாடி \ அறை \ நாற்காலி \ அவர் \ அவள்

பன்னிரண்டாவது பதிவின் நீளம் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

"மாமா, டிக் விழுந்துச்சா?"

அவர் வாய் திறந்தது. நாக்கு அவருடையது. உதடு அவருடையது.

"விழுந்துச்சு மாப்பிள்ளை," என்றாள். "இப்பத்தான் முழுசா வழி தெரிஞ்சுது. உங்க வீட்டுக்கு எப்படி வரணும், கொஞ்சம் சொல்லுங்களேன்."