அத்தான் பிடித்திருந்த கை

என் அத்தானுக்கு வாயாலேயே பந்தல் போடத் தெரியும். சுற்றுலா வருகிறவர்களைக் கடலடிக்கு அழைத்துப் போகும் கடை வைத்திருக்கிறவர் கடலைப் பற்றியே இவ்வளவு பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆமைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும் என்று கடை வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார். ஆமைக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அன்று காற்று அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பவளப்பாறைக்கு மேலே படகை நிறுத்தியபோது, தண்ணீர் விட்ட பால் போலக் கடல் கலங்கிக் கிடந்தது. இதில்தான் என் அக்காவை முதல்முறை இறக்கப் போகிறாராம். "என் பொண்டாட்டியே இறங்கிட்டா" என்று விளம்பரம் போட அவருக்கு ஒரு படம் வேண்டும்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தான். உள்ளே ஒண்ணும் தெரியாது," என்றேன்.

"நீ வழிகாட்டியா, வானிலை அறிக்கையா?" என்றார். சொல்லிவிட்டு, தானே சிரித்தும் கொண்டார்.

அக்கா என் காதருகில் குனிந்தாள். "விடுடி. ஒரு தடவை இறங்கிட்டா வாயை மூடிக்குவார்." அவளுக்கு நான்தான் நீச்சல் குளத்தில் மூச்சுவிடப் பழக்கியிருந்தேன். பவளம் கீறிவிடும் என்று கையுறையும் மாட்டிவிட்டேன். அவளைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கலங்கலில் நாங்கள் வரிசையாகக் கைகோத்துத்தான் போவோம். முன்னால் போகிறவர் இரண்டு முறை கையை அழுத்தினால், நல்லா இருக்கியா என்று கேட்கிறார். பின்னால் இருப்பவர் திருப்பி இரண்டு முறை அழுத்தினால், நன்றாக இருக்கிறேன் என்று பதில். பதில் வந்தாலும் திரும்பி முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அத்தான் திரும்பிப் பார்க்கிற ரகம் இல்லை. தான் இழுத்தால் எல்லோரும் வருவார்கள் என்பது அவர் எண்ணம்.

இறங்கினோம். அவர் முன்னால், அக்கா நடுவில், நான் கடைசியில்.

பாறையை ஒட்டிப் போனோம். விசிறிப் பவளங்கள் கலங்கலிலிருந்து திடீர் திடீரென்று முளைத்து மறைந்தன. ஒரு பொந்திலிருந்து விலாங்கு வாயைப் பிளந்து பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கிருந்தென்று சொல்ல முடியாதபடி நாலாபக்கமும் இறால்கள் சொடுக்கும் சத்தம். உயிருள்ள பாறையில் அது ஒருநாளும் ஓயாது.

அன்று ஓய்ந்தது.

என் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நேரம் பார்த்து அத்தான் துடுப்பு மாட்டிய காலைத் தரையில் உதைத்து ஒரு மேடு மணலையே கிளப்பிவிட்டார். கடைக்கு முதலாளி, காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்காவின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் பதறி, அவர் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

இரண்டையும்.

மணல் சற்று அடங்கியதும் முன்னால் அத்தான் தெரிந்தார். அவருடைய வலது கை பின்பக்கம் நீண்டிருந்தது.

அதற்குள் ஒரு கை இருந்தது.

கையுறை இல்லாத கை. நெடுநாள் ஊறிச் சுருங்கி வெளுத்த விரல்கள். மணிக்கட்டுக்குப் பின்னால் கலங்கல்தான்.

அவர் இரண்டு முறை அழுத்தினார்.

அது இரண்டு முறை அழுத்தியது.

அவரைக் கூப்பிட, முதுகிலிருந்த காற்று சிலிண்டரைத் தட்டினேன். அந்த மனிதர் அப்போதும் திரும்பவில்லை. எல்லாம் சரி என்று இடது கையால் சைகை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அக்கா மூச்சுக்குத் திணற ஆரம்பித்தாள். அவரா, இவளா என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளை அணைத்தபடி மெல்ல மேலே ஏற்றினேன்.

படகில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்கேடி?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அத்தானின் தலை தெரிந்தது. இடது கையால் ஏணியைப் பிடித்து, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, தண்ணீரைப் பார்த்தே திட்டினார்.

"எதுக்கு இப்படிக் கனக்குற? இழுத்து இழுத்து என் தோளே போச்சு."

"யாரைத் திட்டுறீங்க?" என்று அக்கா படகிலிருந்து கேட்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கையை விட்டுட்டு ஏறி வாங்க அத்தான்," என்றேன்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்." குரல் குழந்தை போல இறங்கியிருந்தது. "அது விடலை."

நானும் படகோட்டியும் அவர் தோளைப் பிடித்து இழுத்தோம். அக்கா அவருடைய கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் அவர் மோவாய் வரை ஏறியது. பிறகு உதடு வரை. அப்போது அவர் முகத்தைக் கவிழ்த்து, எங்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல, கிசுகிசுத்தார்.

"நாளைக்கு வரேன்."

கை விடுபட்டது.

வாடிக்கையாளர்களுக்கு ஆமை காட்டுகிறேன் என்று சொல்வாரே, அதே குழைவு. கரை சேர்வதற்குள் அது நீரோட்டம் என்று கதை கட்டியாயிற்று. எனக்கு அருவருப்பாக இருந்தது. பயத்தில்கூட அந்த ஆளுக்கு ஓர் உண்மை வரவில்லை.

மறுநாள் காலையில் அக்கா கடைக் கதவை மறித்து நின்றாள்.

"போகாதீங்க."

"நான் ஏன் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் சிலிண்டரை மாட்டினார். கைகள் தம் பாட்டுக்கு வார்களை இறுக்கின. அக்காவும் படகில் ஏறிவிட்டாள். "கூடவே இரு. அவரைத் தனியா விட்டுடாதே," என்று என்னிடம் கெஞ்சினாள்.

அன்று தண்ணீர் நிஜமாகவே கண்ணாடியாக இருந்தது. அவருடைய பலகை ஒருநாளாவது உண்மை பேசியது. கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. திருக்கை ஒன்று மணலை உதறி எழுந்தது. அத்தான் வலது கையைப் பின்னால் நீட்டி, விரல்களைச் சுருட்டியபடி நீந்தினார். கையில் எதுவும் இல்லை. மறுபடி நாடகம் என்று நினைத்தேன்.

எதிரே சின்னஞ்சிறு மீன்களின் கூட்டம் ஒன்று வந்தது. அவர் நெருங்கியதும் விலகி வழிவிட்டது. அவர் போனதும் சேர்ந்தது.

உடனே மறுபடி விலகியது.

அவருக்குப் பின்னால், ஒரு ஆள் போகிற அகலத்துக்கு.

 ஆனாலும் அவரை விடாமல் மேலே கூட்டி வந்தேன். அவர் ஏணியில் சாதாரணமாக ஏறி, படகின் இருக்கைப் பலகையில் ஓரமாக உட்கார்ந்தார். அக்கா நிம்மதியாக அழுதபடி அவரை ஒட்டி உட்காரப் போனாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றார் அத்தான், அவளைப் பார்க்காமலே.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்தாள்.

இருவருக்கும் நடுவில் காய்ந்து கிடந்த பலகை மெல்ல நனைய ஆரம்பித்தது.