ஊதா மாறாத குழாய்கள்

"எங்க அக்கா இருமல் மருந்து குடிக்கணும்னாகூட பாட்டில்ல ஒட்டியிருக்கற சீட்டை ரெண்டு தடவை படிப்பா. அவ போய், சோதிச்சே பார்க்காத சாறைக் குடிச்சிருப்பாளா?"

டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அழுது ஓய்ந்துபோயிருந்தாள். அவளுடைய அக்கா பெரணிச் செடிகளின் மருத்துவ குணங்களை ஆராய்ந்தவர். ஒன்பது நாளைக்கு முன்னால் ஆய்வக மேசையிலேயே சாய்ந்து கிடந்தார். ஏதோ தாவர நஞ்சு இதயத்தை நிறுத்திவிட்டது என்றது பிரேதப் பரிசோதனை. கணினியில் ஒரு குறிப்பு இருந்தது. தானே பெரணிச் சாற்றைக் குடித்துப் பார்த்து இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள்.

டாக்டரம்மா முப்பது வருடம் பிணவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவருடைய கூட்டாளியான போட்டோக்காரர். காவல்துறைக்காக அன்று ஆய்வகத்தைப் படமெடுத்தவரும் அவர்தான்.

"துறைத் தலைவர்தான் மேடம். இவங்க அக்கா பேரு வெளிய வந்துட்டா தன் பேரு அடிபட்டுடும்னு வேலையைக் காட்டிட்டாரு," என்றார் அவர், படங்களைப் பரப்பியபடி.

"முதல்ல குறிப்பைப் படிங்க."

போட்டோக்காரர் படித்தார்: "'பெரணி விதையை அரைத்துச் சாறெடுத்தேன். நான்கு குழாய்களிலும் நல்ல பலன். டானிக்கும் தரமானதே. இனி என் உடம்பிலேயே சோதிக்கிறேன்.'"

டாக்டரம்மா ஒரு படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். தாங்கியில் நான்கு சோதனைக் குழாய்கள். 'இலைச்சாறு' என்று எழுதிய இரண்டில் மஞ்சள் திரவம். 'டானிக்' என்று எழுதிய இரண்டிலும் ஊதா. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கேரியர், ஒரு பிளாஸ்க்.

"டானிக் யாரோடது?"

"அத்தானோடதுதான்," என்றாள் தங்கை. "அக்கா பேரைச் சொல்லி பெரணி டானிக்னு விக்கறாரு. கல்லீரல் கெட்டவங்கதான் நிறைய வாங்குவாங்க."

அன்று அந்த அறைக்குள் போனவர்கள் மூன்றே பேர் என்றது வாசல் பதிவேடு: துறைத் தலைவர், உதவியாளர், மதியச் சாப்பாடு கொண்டுவந்த கணவர்.

தலைவரிடம் டாக்டரம்மா இரண்டே கேள்விகள் கேட்டார். குழாயில் ஊதா நிறம் இருந்தால் என்ன அர்த்தம்?

"குழாயில இருக்கற ரசாயனமே ஊதாதாம்மா. நாம ஊத்தற சாறுல உடம்பைக் காக்கற ஆன்டிஆக்சிடன்ட் இருந்தா மஞ்சளா மாறும். இல்லேன்னா அப்படியே நிக்கும். நம்ம உதவியாளருக்குக்கூட இது அத்துப்படி."

"பெரணி விதை எங்க கிடைக்கும்?"

தலைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பெரணிக்கு ஏதும்மா விதை? அது பூக்கவே பூக்காது. இலைக்கு அடியில பொடி மாதிரி ஸ்போர் இருக்கும், அவ்வளவுதான்."

காவல்துறை எடுத்துவைத்திருந்த பிளாஸ்க்கை அன்றே சோதனைக்கு அனுப்பும்படி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார் டாக்டரம்மா.

நான்காம் நாள் காலை, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் எல்லோரும் ஆய்வகத்தில் கூடினார்கள். டாக்டரம்மா குறிப்பை மேசைமேல் வைத்தார்.

"இதை எழுதினது இறந்துபோனவங்க இல்ல. பெரணிக்கு விதையே கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"அவசரத்துல தப்பா அடிச்சிருப்பா," என்றார் கணவர்.

"ஒரு வார்த்தை தப்பாகலாம். ஆனா ரெண்டு குழாய் ஊதாவாவே நிக்கறதைக் கண்ணால பார்த்துட்டு, நாலும் நல்லாயிருக்குன்னு எழுதுவாங்களா? எழுதினவருக்குச் செடியும் தெரியாது, நிறமும் தெரியாது. தலைவருக்கும் உதவியாளருக்கும் ரெண்டுமே தெரியும். மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

கணவர் வாசல் பக்கம் நகர்ந்தார்; இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார்.

"விதைங்கற சொல் எங்கேருந்து வந்துச்சு? அன்னிக்குக் காலையில உங்க கை எதை அரைச்சுதோ, அதுதான் டைப் அடிக்கும்போதும் வந்துடுச்சு. நீங்க கொண்டுவந்த பிளாஸ்க்குல நச்சு விதையோட தோல் ஒட்டியிருக்கு. ரிப்போர்ட் இன்ஸ்பெக்டர்கிட்ட இருக்கு."

கணவர் மேசைமேல் இருந்த குறிப்பைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த டானிக் வெறும் சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணி. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிங்கன்னு ஒரு டீச்சர்கிட்ட சொன்னேன். அந்தம்மா செத்துப்போச்சு. இவ, அவங்க வீட்டுல போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்னு நின்னா. கால்ல விழுந்தேன். கேக்கல."

போட்டோக்காரர் தலைவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

மாலையில், டானிக் வாங்கியவர்களின் முகவரிப் பட்டியலோடு தங்கை கிளம்பினாள். நாற்பத்தோரு வீடுகள். முதல் வீட்டில் கதவைத் திறந்தவருக்குக் கண் மஞ்சளாக இருந்தது. கையில் அதே பாட்டில்.

"இதைக் குடிக்காதீங்க ஐயா. நான் அந்த ஆராய்ச்சிக்காரங்களோட தங்கச்சி."

"உங்க அக்கா கண்டுபிடிச்ச மருந்துதானேம்மா இது?"

அவள் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது மருந்தே இல்லைங்கறதைத்தான் ஐயா, அக்கா கண்டுபிடிச்சா."