புதன்கிழமை மந்திரிசபை

"அன்ரி, அப்பாவுக்கு மூளை குழம்பிப்போச்சு. அவரின்ரை அப்பார்ட்மென்டை விட்டுட்டு என்னோடை பிரம்ப்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். வெள்ளிக்கிழமை வீட்டை விடுற கடிதத்திலை அவரிட்டைக் கையெழுத்து வாங்கவேணும். அதுக்கு முதல் ஆராவது ஒருத்தர் நான் செய்யிறது சரி எண்டு சொல்லுங்கோ."

கனடாவில், வெக்ஸ்போர்டில் முஹ்ஸினாவின் வீட்டுச் சோபாவில், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்துகொண்டு நிரூபா இதைச் சொன்னாள். கண் சிவந்திருந்தது. தகப்பனைக் கொண்டுபோய் அடைக்கப்போகும் மகளின் முகமில்லை அது. தகப்பனைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்த மகளின் முகம்.

முஹ்ஸினா காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். எரியாத வீட்டுக்கு எரிந்ததாகப் பணம் கேட்டவர்களைக்கூடத் தேத்தண்ணி கொடுத்தே உண்மை பேச வைத்தவர். மொன்றியல் கோப்புகளைப் பார்ப்பதற்காகப் பிரெஞ்சு படித்தவருக்கு, பிரெஞ்சு வானொலி கேட்கும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. பக்கத்தில் குந்தியிருந்த ராகுலன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலைச் சவாரிக்கும் பின்னேரச் சவாரிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவன் துப்பறிவாளன்.

"குழம்பினதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் முஹ்ஸினா.

"ஒவ்வொரு புதனும் காலமை கழுத்திலை ரை கட்டிக்கொண்டு வெளிக்கிடுறார். மத்தியானம் வாறார். மற்ற நாள் அசையமாட்டார். எங்கை போனீங்களெண்டு கேட்டால், 'சபை கூடினது' எண்டுறார். என்ன கதைச்சதெண்டால், 'சபையிலை கதைச்சது சபையோடை.' ஒருநாள் போனிலை ஆரோடையோ பிராங்கின்ரை மதிப்பை இறக்கக்கூடாதெண்டு சண்டை. பிராங்க் காசு செத்து எவ்வளவு காலம்! போன கிழமை, 'வீடமைப்பு மந்திரிப் பதவியை ராஜினாமாச் செய்யிறன், தொந்தொன்' எண்டு சொல்லிப்போட்டு அழுதவர்."

"தொந்தொனோ?" ராகுலன் துள்ளினான். "கசினோக்காரனாய் இருக்கும், அக்கா. இல்லாட்டில் ஒரு கிழவி. ரை கட்டிப் போறதெண்டால் கிழவிதான்."

"அந்தச் சொல்லுச் சின்னனிலை கேட்ட மாதிரியும் கிடக்கு," என்றாள் நிரூபா.

அன்று செவ்வாய்க்கிழமை. மூவருமாக நிரூபாவின் தகப்பன் இரத்தினவேலின் டோர்செட் பார்க் மாடி வீட்டுக்குப் போனார்கள். இரத்தினவேல் மரியாதையாக வரவேற்று, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். முஹ்ஸினாவுக்குச் சீனி வேண்டாமென்று ஒருதரம் சொன்னதை இரண்டாவது கோப்பைக்கும் மறக்கவில்லை. மூளை குழம்பியவர் என்று சொல்வதற்கு ராகுலனுக்கே வாய் வரவில்லை.

வாசலில் அவருடைய கறுத்தக் கோட்டுத் தொங்கியது. கம்பளிக் கோட்டு, பஞ்சும் தும்புமாக இருந்தது. இடது மார்பில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் புதிதுபோலச் சுத்தமாக இருந்தது. முஹ்ஸினா அதை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

பிறகு சுவரிலிருந்த பழைய படத்தின் முன்னால் நின்றார். பாரிஸில் எடுத்தது. நீளமான மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மேசையின் இரண்டு தலைப்பிலும் யாருமில்லை. ஒரு நீளப் பக்கத்தின் நட்ட நடுவில் இரத்தினவேலின் மனைவி சந்திரவதனா, கையில் ஒரு கரண்டியோடு நிமிர்ந்து இருந்தார். அவருக்கு நேரெதிரே, மற்றப் பக்கத்தின் நடுவில், கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை.

"ஆர் பிள்ளை இது?"

"அருள்நாயகம் மாமா. அம்மான்ரை தமையன். அம்மாதான் வெட்டினவா. நாங்கள் பாரிஸை விட்டு வந்த வருசம் ஏதோ சண்டை. போன வருசம் சாகேக்கையும், 'அவன் என்ரை வாசற்படி மிதிக்கக்கூடாது' எண்டு அப்பாவிட்டைச் சத்தியம் வாங்கினவா."

இரத்தினவேல் குசினிக்குள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் திடீரென்று நின்றது.

மறுநாள் காலை, வெக்ஸ்போர்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கார்த் தரிப்பிடத்தில் ராகுலனின் வான் நின்றது. நிரூபா பின்னாசனத்தில் விரல்களை முறித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ அக்கா," என்றான் ராகுலன். "கிழவி இஞ்சையோ இருக்கிறா?"

"கிழவியைக் கொஞ்சம் விடும், ராகுலன். அந்தக் கோட்டிலை சதுரமாய் ஓரிடம் சுத்தம். கிழமைக்குக் கிழமை அதிலை ஏதோ ஒட்டி உரிச்சிருக்கு. உரிக்கேக்கை தும்பும் சேர்ந்து வந்திருக்கு. இப்பிடியான இல்லங்களிலை வாசலிலை ஒட்டிவிடுற விசிட்டர் ஸ்ரிக்கர்தான் அது. அவர் ஆரோ நடக்க ஏலாத ஆளைப் பார்க்கப் போறார்."

"ரையோடையோ?"

"அதுதான் அந்தப் படம். எங்கடை சனம் பெரியவரை மேசைத் தலைப்பிலை இருத்தும். அதிலை தலைப்பு வெறுமை; ரெண்டு பேர் நடுவிலை எதிரெதிரே. பிரான்சிலை மந்திரிசபை அப்பிடித்தான் இருக்கும். ஜனாதிபதி நீளப் பக்கத்து நடுவிலை, பிரதமர் அவருக்கு நேரெதிரே. அந்தச் சபை கூடுறதும் புதன்கிழமைதான். எண்பதுகளிலை அங்கை இருந்த சோசலிஸ்ட் ஜனாதிபதி மித்தரோனைச் சனம் செல்லமாய் 'தொந்தொன்' எண்டு கூப்பிடும். மாமா எண்டு அர்த்தம்."

நிரூபா நிமிர்ந்தாள்.

"அப்ப பிராங்க்?"

"அந்த அரசாங்கத்துக்குப் பெரிய தலையிடியே பிராங்கின்ரை மதிப்புத்தான். உன்ரை அப்பா குழம்பேல்லை பிள்ளை. அவர் பழைய விளையாட்டொண்டை ஒழுங்காய் விளையாடுறார். ஆரோடை எண்டு அந்த ஓட்டை சொல்லிச்சுது. மத்தியானத்துக்குள்ளை திரும்பி வாற ஆள் தூரம் போகமாட்டார். அதாலை நேற்றுப் பின்னேரம் இந்தப் பக்கத்து இல்லங்களுக்குப் போன் போட்டு, அருள்நாயகத்தைப் பார்க்க எத்தனை மணிக்கு வரலாமெண்டு கேட்டன். மூண்டாவது இடத்திலை, பத்து மணிக்கெண்டு சொல்லிச்சினம்."

"ஏன் ராஜினாமா?"

"பிரம்ப்டனிலை இருந்து புதன்கிழமை இஞ்சை வர அவருக்கு எத்தனை பஸ் மாறவேணும், பிள்ளை?"

நிரூபா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

சாப்பாட்டு அறையில் நீள மேசை. நடுவில், சக்கர நாற்காலியில், வலது கை மடியில் சோர்ந்து கிடக்க, அருள்நாயகம். கழுத்தில் கோணல்மாணலாக ஒரு ரை. பக்கத்தில் இரத்தினவேல். அங்கே இருந்த ஜமெய்க்கா அம்மா ஒருத்தி நிதி மந்திரியாம். மிகுந்த கண்டிப்போடு பிஸ்கட்டுகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். விவசாய மந்திரியான கிரேக்கக் கிழவர் நல்ல நித்திரை. அருள்நாயகத்துக்கு நேரெதிரே ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

மகளைக் கண்ட இரத்தினவேல் களவு பிடிபட்ட பிள்ளைபோல எழும்பி நின்றார். "அம்மாவுக்குச் சொன்ன சொல்லை மீறேல்லை, பிள்ளை. மாமா எங்கடை படி மிதிக்கேல்லை. நான்தான் இவரின்ரை படி மிதிச்சன்."

"இவன்ரை பிழையில்லை," என்றார் அருள்நாயகம். பக்கவாதத்தால் நாக்குத் தடித்திருந்தது; சொற்கள் மெல்ல வந்தன. "மகன்தான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவன். வந்த கையோடை வாதம் அடிச்சுப்போட்டுது. இன்ரர்நெற்றிலை வதனான்ரை மரண அறிவித்தலைப் பார்த்திட்டு நான்தான் போன் எடுத்தனான்."

பிறகு அவர் பாரிஸ் கதையைச் சொன்னார். ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர். ஆண்களுக்கெல்லாம் ரெஸ்ரோறன்ட் வேலை. புதன் காலைதான் ஓய்வு. வாடகை பிரிப்பது ஒரு மந்திரி, சமையல் ஒரு மந்திரி, வந்திறங்குகிறவனுக்கு அறை தேடுவது இரத்தினவேல். வயதில் மூத்தவர் என்று அருள்நாயகம் ஜனாதிபதி. அரசாங்கத்தில் மந்திரிசபை மாறினால் வீட்டிலும் மாறும்.

"நாட்டுக்கு முதல் பெண் பிரதமர் வந்தா. நாங்களும் வதனாவைப் பிரதமர் ஆக்கினம். முதல் உத்தரவே, அவனவன் சட்டியை அவனவன் கழுவவேணும். நல்ல ஆட்சி, பிள்ளை." சிரித்தவரின் குரல் பிறகு இறங்கியது. "ஒரு வருசம் முடியேல்லை, அந்தப் பிரதமர் பதவியை விட்டிட்டா எண்டு றேடியோவிலை சொன்னாங்கள். நான் எழும்பி நிண்டு எல்லாருக்கும் முன்னாலை, 'வதனா, உம்மையும் நிப்பாட்டியாச்சு' எண்டன். எல்லாரும் சிரிச்சாங்கள். அவ சிரிக்கேல்லை. அண்டைக்குக் காலமைதான் அவவை உடுப்புத் தோய்க்கிற லோன்ட்றி வேலையாலை நிப்பாட்டி இருந்தவங்கள். எனக்குத் தெரியாது. அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பகிடிதான், பிள்ளை. என்ரை தங்கச்சியை என்னட்டையிருந்து பிரிச்சுப்போட்டுது."

நிதி மந்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஜனாதிபதியின் நல்ல கைக்குள் வைத்தாள். ராகுலன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

நிரூபா மேசையைச் சுற்றி வந்தாள். "இந்தக் கதிரை ஆரின்ரை, தொந்தொன் மாமா?"

"உன்ரை அம்மான்ரை. அதிலை ஒருத்தரையும் இருக்க விடேல்லை."

அவள் கதிரையை இழுத்து, அதில் இருந்தாள். படத்திலிருந்த தாயைப்போலவே நிமிர்ந்து இருந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அப்ப முதல் அலுவல்," என்றாள். "வீடமைப்பு மந்திரியின்ரை ராஜினாமாவை நாங்கள் ஏற்கேல்லை. அவர் டோர்செட் பார்க்கிலைதான் இருப்பார். புதன்கிழமை நான் லீவு எடுத்தெண்டாலும் வருவன்."

அருள்நாயகம் இடது கையை உயர்த்தினார். இரத்தினவேல் இரண்டு கையையும் உயர்த்தினார். என்ன ஏதென்று தெரியாமலே நிதி மந்திரியும் உயர்த்தினாள். சபையில் இடமில்லாத ராகுலனும் உயர்த்தினான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விவசாய மந்திரி மட்டும் நித்திரையிலிருந்து எழும்பவில்லை.